வாலுவின் பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா செல்போனைக் கையில் எடுத்தால் வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். மருமகன் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். பேத்தி காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வைப்பாள். அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வெளிநாட்டில் இருக்கும் மகனின் எண்ணைத் தேடி அழுத்துவாள். மணி போகும். போய்க்கொண்டே இருக்கும். நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்து விழும்: "மீட்டிங்ல இருக்கேம்மா. நல்லா இருக்கேன். சாப்டியா?"

"ஞாயித்துக்கிழமை என்னடி மீட்டிங்?" என்று அம்மா மகளைப் பார்ப்பாள்.

"அவன் ஊர்ல இன்னும் சனிக்கிழமைதாம்மா."

"சனிக்கிழமை மட்டும் என்ன மீட்டிங்?"

மகள் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள். தம்பி பிறந்த நாளிலிருந்து அவளை வீட்டில் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அம்மாவும்கூட அப்படித்தான். அவனுக்கு வாலு என்று பெயர் வைத்தது அக்கா. வாய் ஓயாத பையன். இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் அவன் தட்டுவான், அவள் திரையில் வருவதைப் படித்துச் சொல்வாள். தட்டும்போதும் பேச்சு, தப்பு வந்தாலும் பேச்சு. வேலை கிடைத்து வெளிநாடு போன புதிதில் தினமும் போன் வரும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுவான், கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே பேசுவான், "அக்கா, வை, பில் போடறாங்க" என்று சொல்லிவிட்டு வைக்காமல் பேசுவான்.

அது எப்போது குறைந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தினமும் என்பது வாரம் ஒருமுறை ஆனது. பிறகு எப்போதாவது. பிறகு வெறும் மெசேஜ். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் யாராவது ஒருவர் இறங்கிப் போய்ச் சமாதானம் பேசலாம். இதில் எதைப் பிடித்துப் பேசுவது? கடைசியாக அவனே கூப்பிட்டபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். அதை அழுகையோடு சொன்னாள். அவன் "சரிம்மா, சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான். அம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வீட்டு நாய்க்கு அடிபட்டாக்கூட இதைவிட நாலு வார்த்தை கேப்பாங்க."

அக்காவுக்கும் அது ஆறவில்லை. ஆனால் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம். பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒரு பையன் போனில் உரக்கச் சிரித்துப் பேசினால் அவள் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியில் டயாலிசிஸ் மெஷின் செய்தார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் 'போஸ்ட்மார்ட்டம்' என்று பட்டப்பெயர். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென்று செத்து விழுந்தால், ஏன் செத்தது என்று அறுத்துப் பார்த்துச் சொல்வது அவள்தான். கையில் இருக்கும் கத்தி, டீபக்கர் என்கிற பிழை தேடும் புரோகிராம். அம்மா ஒருநாள், "அப்படி என்னதான்டி பண்றே அங்க?" என்று கேட்டபோது பொறுமையாக விளக்கினாள். "ஒரு புரோகிராமுக்குள்ள நிறைய ஃபங்ஷன் இருக்கும்மா. ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அது இன்னொண்ணைக் கூப்பிடும். திரும்பி எங்க வரணும்னு ஒவ்வொண்ணும் ஸ்டாக்னு ஒரு இடத்துல, ஃபிரேம்னு தன் பங்குத் துண்டுல குறிச்சு வச்சுட்டுப் போகும். செத்தப்புறம் டீபக்கர் அந்தக் குறிப்பைப் பிடிச்சுக்கிட்டே இறங்கி, யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு வரிசையா சொல்லும்."

"கம்ப்யூட்டருக்குள்ளயாவது ஒரு ஃபங்ஷனுக்கு இன்னொருத்தரைக் கூப்பிடறாங்களே," என்றாள் அம்மா. "நீ மொதல்ல என் பையனைக் கூப்பிடு."

அந்த வருடம் மெஷினுக்குப் புதிய பிராசசர் போட்டார்கள். அதிலிருந்து தலைவலி. சோதனை அறையில், நோயாளிக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த மெஷின் நினைத்தபோது நின்றது. நோயாளி யாரையும் இன்னும் அதில் படுக்க வைக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். காரணம் தேடி அக்கா டீபக்கரைத் திறந்தால், அது முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு ஃபங்ஷன் நினைவகத்தில் தொடக் கூடாத முகவரியைத் தொட்டால், கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆளுகிற கெர்னல் அதை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். அந்த நொடியில் பிராசசரின் கைப்பெட்டிகளான ரிஜிஸ்டர்களில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் மூட்டையாகக் கட்டி ஸ்டாக்கில் வைக்கும். பிறகு சிக்னல் என்கிற எச்சரிக்கையை அனுப்பி, அதைக் கவனிக்கிற ஹேண்ட்லரை ஓடவிடும். பம்பை நிறுத்தி அலாரம் அடிப்பது அதன் வேலை. ஹேண்ட்லர் திரும்பிப் போகிற இடத்தில் குட்டியாக இரண்டு கட்டளைகள் இருக்கும்; 'மூட்டையை அவிழ்' என்று கெர்னலிடம் சொல்வதற்கு. டீபக்கர் அந்தக் குட்டித் துண்டை அடையாளம் கண்டுகொண்டு, மூட்டைக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால்தான் ஹேண்ட்லரைத் தாண்டி இறங்க முடியும். பழைய பிராசசர்களுக்கு அதெல்லாம் அதற்கு அத்துப்படி. இந்தப் புதியதற்கு இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நாமளே சேத்துடலாம்," என்றாள் அக்கா. டீபக்கர் உலகத்துக்கே பொதுவானது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதிப் பொது மெயில் லிஸ்ட்டுக்கு அனுப்பலாம், தெரிந்தவர்கள் பார்த்துச் சரி சொன்னால் சேர்ந்துவிடும். கெர்னலின் மூல நிரலை உட்கார்ந்து படித்தாள். மூட்டையில் முதலில் சிக்னலைப் பற்றிய விவரம், அதற்கப்புறம் ரிஜிஸ்டர்கள். எல்லாவற்றையும் அளந்து எழுதி, பேட்ச் என்கிற அந்தத் திருத்தத்தைத் தயாரித்து அனுப்பிவிட்டாள். இங்கே சோதனை அறையிலும் அதைப் போட்டுப் பார்த்தாள்.

இந்த முறை டீபக்கர் இறங்கியது. ஹேண்ட்லரைத் தாண்டி ஒரு பெயரைச் சொன்னது. பம்பின் வேகத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன்.

அதை எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். அலுவலகத்தில் அவர் பெயரே பம்ப்பு. வீட்டில் கைக்குழந்தை, ஏற்கெனவே தூக்கம் இல்லாத மனுஷன். "என் கோடா?" என்றவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வரிவரியாகப் பார்த்தார். தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. மேனேஜர் வேறு, "என்னப்பா, உன் பம்ப் எங்க எல்லார் ரத்தத்தையும் சுத்திகரிக்குது," என்று போகிற வருகிற இடமெல்லாம் ஜோக் அடித்தார்.

பம்ப்பு அக்காவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "மேடம், உங்க டீபக்கர் தப்பா சொல்ல வாய்ப்பே இல்லையா?"

"நான் எழுதினதுதானே. வாய்ப்பு இருக்கு," என்றாள் அவள். ஆனால் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து லிஸ்ட்டில் பதில் வந்திருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அவள் கை மௌஸிலிருந்து தானாக எழுந்தது. தம்பியின் முழுப்பெயர். அவன் ஏதோ சிப் கம்பெனியில் கெர்னல் வேலை பார்க்கிறான் என்று தெரியும். இந்த பிராசசர்தான் என்று தெரியாது.

ஆங்கிலத்தில், யாரோ ஒருவருக்கு எழுதுவது போல எழுதியிருந்தான். "பேட்ச்சுக்கு நன்றி. ஒரு தவறு இருக்கிறது. இந்த ஃபிரேமைச் சாதாரண ஃபிரேம் என்று குறித்திருக்கிறீர்கள். சாதாரண ஃபிரேமில் திரும்பும் முகவரி, கூப்பிட்ட கட்டளைக்கு அடுத்த கட்டளையைக் காட்டும். அதனால் ஃபங்ஷனின் பெயரைத் தேடுமுன் டீபக்கர் அதில் ஒன்றைக் கழிக்கிறது. சிக்னல் ஃபிரேமில் கழிக்கக் கூடாது. அங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஓடிக்கொண்டிருந்தவனை வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். மூட்டையில் இருக்கும் முகவரியே அவன் நின்ற இடம். அவன் தன் வீட்டு வாசற்படியிலேயே, அதாவது ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நின்றிருந்தால், நீங்கள் ஒன்றைக் கழித்ததும் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பழி விழும்."

பழி விழுந்த பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மேசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஃபிரேமைச் சிக்னல் வகை என்று மாற்றிக் குறித்து, மறுபடி ஓட்டினாள். பெயர் மாறியது. நினைவகத்தில் பம்பின் ஃபங்ஷனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பொடி ஃபங்ஷன். சென்சாரின் அளவைப் படித்துத் தருகிற ஒற்றை வரி. அதற்கு வெற்று முகவரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் கட்டளையிலேயே மாட்டிக்கொண்டது. அப்படிக் கொடுத்து அனுப்பிய கோடு மேனேஜர் தன் வாலிப காலத்தில் எழுதியது என்று தெரிந்ததும் ஜோக்குகள் நின்றன. பம்ப்பு கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "அந்தப் புண்ணியவான் யாரு மேடம், பதில் போட்டவர்?"

"என் தம்பி," என்றாள்.

"அட! வீட்டுக்குள்ளயே ஆளை வச்சுக்கிட்டா இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாம பண்ணீங்க? ஒரு போன் போட்டிருக்கலாமே!"

அவள் டீயை ஊதிக் குடித்தாள். 'நீங்கள்' என்று எழுதியிருந்தானா, 'நீ' என்று எழுதியிருந்தானா என்பதை ஆங்கிலத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. பதிலை எத்தனை தடவை படித்தாலும் அதில் அக்கா என்பவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் இருந்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் தம்பியின் குரல் அவளுக்குக் கேட்டது.

ஒரு சாக்கு கிடைத்தது. புதிய சிப்களில் நீண்ட ரிஜிஸ்டர்கள் வேறு உண்டு; அவற்றையும் கெர்னல் மூட்டையில் சேர்த்துக் கட்டும். அந்தப் பகுதியின் அளவு சிப்புக்குச் சிப் மாறும். அதை எப்படிப் படிப்பது என்று லிஸ்ட்டில் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "எழுத்தில் விளக்குவது சிரமமாக இருந்தால் போனில் பேசலாமா?" எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அனுப்பினாள். சொந்தத் தம்பியிடம் போனில் பேச உலகத்தின் முன் விண்ணப்பம் போடுகிறோமே என்று சிரிப்பும் வந்தது.

அவன் பதில் சுருக்கமாக இருந்தது. "அளவை நீங்களாக அனுமானிக்க வேண்டாம். அந்தப் பகுதியின் தலையிலேயே அளவு இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். எழுத்திலேயே தொடரலாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. அன்று சாயங்காலம் இன்னொரு மெயில் வந்தது, அவளுக்கு மட்டும். லிஸ்ட்டை நிர்வகிக்கிற, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். "அவர் பதிலைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் யாரிடமும் போனில் பேசுவதில்லை. அவருக்குக் காது கேட்காது. அவரே எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், ரகசியம் இல்லை. நீங்கள் புதியவர், தெரிந்திருக்காது."

அக்கா எழுந்து சோதனை அறைக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. மெஷின் வாளித் தண்ணீரை உறிஞ்சி வாளிக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பம்பின் கடகட சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது என்று நினைத்துத்தான் போனாள். ஆனால் அழுகை வரவில்லை. போனை எடுத்து அவன் மெசேஜ்களைப் பின்னோக்கித் தள்ளினாள். மீட்டிங், மீட்டிங், சிக்னல் சரியில்லை, சார்ஜ் இல்லை, மீட்டிங். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மிஸ்டு கால். 'நான் புதியவளா?' என்று நினைத்தாள். 'பொறந்தன்னிக்கு நர்ஸ் கையிலிருந்து நான்தான்டா முதல்ல உன்னை வாங்கினேன்.'

"வாலு, அக்கா பேசறேன்," என்று தட்டினாள். 'பேசறேன்' என்பதை அழித்தாள். "வாலு, அக்கா எழுதறேன். காது எப்பலேருந்து?"

அவன் ஊரில் அப்போது விடிந்திருக்கும். பதில் தட்டுகிறான் என்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.

"யார் சொன்னா?"

"உங்க லிஸ்ட் அம்மா."

"ஓ." அடுத்த மெசேஜ் வந்தது: "மொதல்ல இடது காது. நான் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மாத்தினேன். அப்புறம் அந்தப் போனையும் மாத்தினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மாத்த வேண்டியது போன் இல்லைன்னு."

"வலது?"

"மிஷின் வச்சா, எதிர்ல உக்காந்து பேசினா பாதி புரியும். மீதியை உதட்டைப் பாத்து ஊகிப்பேன். போன்ல வெறும் இரைச்சல்."

"ஏண்டா சொல்லலை எங்ககிட்ட?"

"சொல்லிடணும்னுதான் அன்னிக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தா. என்னமோ சொல்றா, எனக்கு ஒண்ணும் புரியலை. சரிம்மா சரிம்மான்னு சமாளிச்சு வச்சுட்டேன். மறுநாள் நீ மெசேஜ் பண்றே, அம்மா விழுந்து கை ஒடிஞ்சதுக்கு இப்படியாடா பதில் சொல்றதுன்னு. அதுக்கப்புறம் பயம்க்கா. இன்னொரு தடவை எதுக்கு சரின்னு சொல்லித் தொலைப்பேனோன்னு."

இப்போது அழுகை வந்தது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

"லிஸ்ட்ல என் பேரைப் பாத்ததும் கண்டுபிடிச்சியா?"

"பாக்காம? பதிலை எழுதி எழுதி அழிச்சேன். கீழே 'அம்மா எப்படி இருக்கா'ன்னு எழுதிட்டு, உலகமே படிக்குமேன்னு எடுத்துட்டேன்." பிறகு இன்னொன்று வந்தது. "ஆனா ஒண்ணு. சிக்னல் ஃபிரேமைச் சாதா ஃபிரேம்னு குறிச்சிருக்கியே, அது அநியாயம்க்கா."

அம்மாவிடம் தானே சொல்வதாகச் சொன்னான். அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. மகன் முகம் பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் அக்கா, அம்மா பேசுவதை அவன் படிக்கத் தட்டி அனுப்ப, கையைத் தட்டச்சுப் பலகைமேல் வைத்துக்கொண்டு.

திரையில் அவன் வந்தான். இளைத்திருந்தான். காதோரம் ஒரு சிறிய கருவி தெரிந்தது. "அம்மா!" என்றான். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. கூடத்தில் இருந்த மருமகன் திடுக்கிட்டு எழுந்தார். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பெரிதாகப் படவில்லை. எத்தனையோ காலம் கழித்துக் கேட்கிற குரல். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, கையை எடு. வாய் தெரியணும்," என்றான். "எனக்குக் காது கேக்கறதில்லைம்மா. ரொம்ப நாளாவே. அதான் போன் எடுக்கலை."

அம்மா கைகளை இறக்கினாள். பிறகு அணை உடைந்தாற்போல் பேசினாள். டாக்டர் என்ன சொன்னார், வலிக்கிறதா, சமைக்கும்போது பின்னால் அடுப்பில் ஏதாவது பொங்கினால் எப்படித் தெரியும், ரோட்டைத் தாண்டும்போது யார் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்காவின் விரல்கள் பின்தங்கின. அம்மா திடீரென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் விழுந்ததை அவன் கேக்கவே இல்லையா?"

"இல்லைம்மா."

"நாய்க்கு அடிபட்டாக்கூடன்னு ஒண்ணு சொன்னேனே, அதை எதுவும் எழுதித் தொலைச்சிடாதே."

"என்ன சொல்றா?" என்றான் அவன் திரையிலிருந்து. கண்கள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவின. அக்கா, "ஒண்ணும் இல்லை, உன்னைக் கொஞ்சறா," என்று தட்டினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். செய்தால் கொஞ்சம் கேட்கலாம், பழைய மாதிரி இருக்காதாம். எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை. அதெல்லாம் தெரிந்த பிறகுதான் லீவு போட்டு வர முடியும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் மகளின் காதருகே குனிந்து, அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவள் போலக் கிசுகிசுத்தாள்: "என் குரல் அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

அக்காவுக்கு அதைத் தட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. அவன் படித்தான். கருவியை விரலால் தொட்டுச் சரிசெய்வது போலச் செய்தான்.

"இருக்கும்மா," என்றான், இந்த முறை அவ்வளவு உரக்க இல்லாமல். "ஆனா பழசுதான் இருக்கு. அதுல நீ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கே. இப்ப உன் குரல் எப்படி மாறியிருக்கோ, தெரியலை."

அடுத்த மாதம் பேட்ச் டீபக்கரில் சேர்ந்தது. லிஸ்ட்டில் அவன், "சரியாக இருக்கிறது," என்று அதே வறட்டு ஆங்கிலத்தில் எழுதி முடித்துவைத்தான். இந்த முறை அந்த வறட்சி அவளுக்கு உறுத்தவில்லை. சோதனை அறையில் மெஷின் நிற்காமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீடியோ. பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றை மருமகன் ஏற்றிக் கொடுத்தார். அம்மா 'கண்ணா' என்றால் அது 'கிணறு' என்று எழுதியது. அம்மா அதை அணைக்கச் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைப்புக்கு முன்னால், அம்மாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா உள்ளே பார்த்தாள். அலமாரிக் கண்ணாடியின் முன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல், உதட்டை அகலத் திறந்து, மெதுவாக மெதுவாக ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று அக்கா வாசலில் நின்றபடி படிக்க முயன்றாள். 'எப்ப வருவே' என்பதுபோல இருந்தது. அம்மாவுக்குத் திருப்தி இல்லை; தலையை ஆட்டிவிட்டு, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தாள்.